ஒரே சுவருக்குப் பச்சையும் சிவப்பும்

என் மகள் கடையில் இருக்கிற மெஷின்களுக்கெல்லாம் கம்பெனிப் பேர் உண்டு. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். அந்தப் பேர்கள் இங்கிலீஷில் இருக்கின்றன. அதனால் எனக்கு ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. இதை என் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுக்க வருகிற கொத்தனார்களும் நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகிற ரோட்டில் கடை. சுவர் உடைக்கிறது, ஓட்டை போடுகிறது, டைல்ஸ் அறுக்கிறது எல்லாம் நாள் வாடகைக்குக் கொடுக்கிறோம். மருமகன் காலமான பிறகு மகள் தனியாகத் தொடங்கினாள். திரும்பி வருகிற மெஷினைத் துடைத்து வைப்பதும் வயரைச் சுற்றி வைப்பதும் என் வேலை. வயர் எந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன்.

மூன்றையும் துடைத்துத் துடைத்துப் பழகியதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. பச்சை விலை கூடுதல், ஆனால் கைக்கு அடக்கம். சத்தம் ஒரே சீராக இருக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் தானாக நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். மஞ்சள் நடுவாந்திரம். உள்ளே கார்பன் கட்டை தேய்ந்தால் திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் கிடைக்கும், மோட்டார் காயில் எரிந்துபோனாலும் மறுபடி கம்பி சுற்றிக் கட்டித் தர ஆள் உண்டு. சிவப்பு பாதி விலை, தூக்கினால் நல்ல கனம். ஓட்டிப் பாருங்கள் என்று மெஷின் விற்கிற ஏஜெண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் கடைக்கு ஒரு மேஸ்திரி வாடிக்கை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வீடு கட்டுகிறவர். அவர் எடுக்கிற மெஷினில்தான் கடை ஓடுகிறது என்று சொல்லலாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சுவர் உடைக்க எடுத்துப்போன பச்சையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இது நோஞ்சான் மெஷினு, தாயி. காலைல இருந்து நின்னு நின்னு போகுது" என்றார் என் மகளிடம். "பஸ் ஸ்டாண்டுக் கடையில செவப்பு வச்சிருக்கான். தூக்குனாலே தெரியுது, என்னா கனம். திங்கக்கெழமைல இருந்து செவப்பு குடுத்தா இங்க வாரேன். இல்லைன்னா அங்கிட்டுப் போறேன். கோவிச்சுக்காத."

அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கேட்டேன். "எப்பிடி வேல பாத்தீங்க தம்பி?"

"எப்பவும் போலதான் ஆத்தா. அஞ்சு பேரு. ஒருத்தன் கை ஓய்ஞ்சா அடுத்தவன் வாங்கிக்கிருவான். ஆளு மாறும், வேல நிக்காது."

இந்தப் பக்கத்து வழக்கம் அது. கிணறு வெட்டினாலும் அப்படித்தான், கல் உடைத்தாலும் அப்படித்தான். முறை வைத்து ஆள் மாற்றுவார்கள், கடப்பாரை கீழே வராது. கடப்பாரைக்குச் சூடேறாது. மெஷினுக்கு ஏறும்.

"அஞ்சு பேருக்கும் டீ வந்துச்சா?"

"வராம?"

"மெஷினுக்கு யாரு குடுத்தா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "மெஷினு டீ குடிக்குமா ஆத்தா? வாடக குடுத்தா ஓடணும், அம்புட்டுத்தான்."

அவர் போனதும் மகள் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, இன்னும் மூன்று சிவப்பு எடுத்து வைக்கச் சொன்னாள். இரண்டு பச்சையையும் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றாள்.

"கனத்தப் பாத்தா மெஷினு எடுப்ப? அய்யலூர்ச் சந்தையில வயிறு முட்டத் தண்ணி காட்டுன ஆடும் கனமாத்தான் இருக்கும்" என்றேன். எத்தனையோ வருஷம் அந்தச் சந்தையில் ஆடு பிடித்தவள் நான். வயிற்றைப் பார்த்து ஒருநாளும் வாங்கியதில்லை, முதுகை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

"ஆட்டுப் பேச்ச விடும்மா. அந்தாளு போயிட்டா நாம கடையப் பூட்டணும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதனால்தான் மறுநாள் காலையில் பச்சை ஒன்றையும் அந்தச் சிவப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேஸ்திரியின் வேலை நடக்கிற வீட்டுக்கே போனோம். பழைய வீட்டின் பின்சுவரைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சர்ச்சுக்குப் போகிற ஆட்கள் மூன்று பேரும் வரவில்லை. இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"ஒரே செவுரு. ரெண்டையும் ஓட்டுங்க. எது தேவலையோ அதையே நாளைக்கு எடுங்க" என்றேன்.

"ஆத்தா கோர்ட்டு வச்சிருச்சுடா" என்றார் மேஸ்திரி.

சுவரின் இந்த முனையில் ஒருவன் பச்சையைப் பிடித்தான். அந்த முனையில் மற்றவன் சிவப்பைப் பிடித்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், சிவப்பு வேகமாகத் தின்றது. செங்கல் செங்கலாகக் கழன்று விழுந்தது. பச்சை பின்தங்கியது. பிறகு சூடேறி நின்றும்விட்டது.

"பாத்தீங்களா?" என்றார் மேஸ்திரி. மகள் என்னைப் பார்த்தாள். பச்சைக்காரன் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான்.

செத்த நேரத்தில் சிவப்பைப் பிடித்திருந்தவன் மெஷினைக் கீழே வைத்தான். வாங்கிக்கொள்ள அடுத்த கை இல்லை. கையை உதறினான், மறுபடி எடுத்தான், மறுபடி வைத்தான். டீ வந்தது. டம்ளரை வாங்கினான், கை நடுங்கி டீ சட்டையில் சிந்தியது.

"என்னடா, புது மாப்பிள்ள மாதிரி நடுங்குற?" என்றான் பீடிக்காரன்.

"நீ புடிச்சுப் பாரு. தோள்பட்ட வரைக்கும் மரமரங்குது. எனக்கு அந்தப் பச்சையக் குடு."

அஞ்சு பேர் இருக்கிற நாளில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கை மரத்துப்போவதற்கு முன்னால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். மேஸ்திரிக்கும் தெரிய வழியில்லை, அவர் மெஷினைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

நான் மேஸ்திரியிடம் சிவப்பைக் காட்டினேன். "நீங்க செத்த புடிங்க தம்பி."

ஆட்கள் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. பிடித்தார். ஒரு செங்கல் விழுந்தது, இரண்டு விழுந்தது. அணைத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கை ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார். "அதுக்காக நின்னு நின்னு போற மெஷின வச்சு நான் என்னைக்கு வேலைய முடிக்க?"

அதுவும் நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "ஆளு மாத்துறீங்கள்ல, மெஷினையும் மாத்துங்க. எங்ககிட்ட பச்ச ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ஆறட்டும்."

"ரெண்டு வாடகைக்கு எங்க போறது?"

மகள் முன்னால் வந்தாள். "ஒண்ணரை குடுங்கண்ணே. ஆற வச்சு ஓட்டுனா எனக்கும் ரிப்பேர்ச் செலவு மிச்சம்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார். இரண்டு மெஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை கடை திறந்து, மேஸ்திரிமார் மெஷின் எடுக்க வருகிற நேரமும் கடந்து போனது. டைல்ஸ் அறுக்கிற மெஷின் கேட்டு ஒருத்தர் வந்தார், கொடுத்து அனுப்பினோம். மேஸ்திரியைக் காணோம். போனவர் போனவர்தான் என்று நானும் மனசுக்குள் நினைத்துவிட்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வெயில் ஏறிய பிறகு அவருடைய டிவிஎஸ் வந்து நின்றது. இறங்காமலேயே கேட்டார்.

"ஒண்ணேகால்னா சொல்லு தாயி, ரெண்டு பச்சையும் எடுத்துக்கிறேன். நேத்து செவப்பப் புடிச்ச பய, அத எடுத்தா வேலைக்கு வரமாட்டேங்கிறான்."

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடை அவளுடையது.

"ஒண்ணரைண்ணே" என்றாள்.

அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். இரண்டையும் சாக்கில் கட்டிப் பின்னால் வைத்துக் கொடுத்தாள். அவர் ரோட்டில் திரும்புவதற்குள் ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். மூன்று சிவப்பு வேண்டாம், இருக்கிற ஒன்று மட்டும் போதும், வீட்டில் நாலு ஓட்டை போடுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கும் என்றாள். அடுத்தது எடுத்தால் பச்சைதான் எடுப்பேன், விலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டாள்.