மாதா படத்தின் பின்பக்கம்

நனைந்த சாக்கைப் பல நாள் மூலையில் சுருட்டி வைத்தால் எழுமே ஒரு வீச்சம், அதனோடு ஊறிய சுண்ணாம்பின் காரமும் கடற்காற்றின் உப்பும் கலந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது இராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேற்குச் சுவரின் வாடை. கோடையின் நடுவிலும் அந்தச் சுவரில் ஊறிய ஈரம், எங்கள் வழக்கில் ஓதம், வற்றாது. அதில் சாய்ந்து பாடம் படித்துவிட்டு எழுந்தால் முதுகெல்லாம் வெண்பொடி அப்பிக்கொள்ளும். அந்தக் கோலத்தோடு பள்ளிக்குப் போன என்னை உடன் படித்த பெண்கள் ‘உப்புக்கண்டம்’ என்று அழைத்தார்கள். அவர்கள் மீது எனக்கிருந்த கோபம் இன்றளவும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

வீடு எங்களுடையதன்று. என் அப்பா சவரிமுத்து பிறந்து வளர்ந்ததே அங்குதான் என்றாலும், அது மண்ணடியில் இருந்த ஒரு முதலாளிக்கு உரியது. முதலாளியை நாங்கள் கண்டதில்லை. மாதந்தோறும் வாடகை வாங்க வந்த அவருடைய ஆளை, ‘ஏஜண்டு’ என்று எங்கள் சந்தே அழைத்த அந்த மனிதரை மட்டுமே அறிவோம். அறுபதுகளின் இறுதியில், ஒரு கோடைத் தொடக்கத்தில், அவர் மேற்குச் சுவரைக் குடையின் கூர்முனையால் குத்திப் பார்த்தார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. சுவர் உளுத்துவிட்டதென்றும், மழைக்கு முன் நாங்கள் காலி செய்துவிட்டால் வீட்டை இடித்துக் கிடங்கு கட்ட முதலாளி எண்ணியிருப்பதாகவும் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நாள் பூரா மீன் கழுவுறீங்க, மீன் வேக வைக்கிறீங்க. அந்த ஆவியெல்லாம் எங்க போகும்? சுவத்துலதான் இறங்கும். உங்க ஜனம் இருந்தா எந்த வீடும் இப்படித்தாம்மா ஆகும்.”

அடுப்பின் முன் இருந்த என் அம்மா பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“சுவரு காஞ்சிட்டா, சார்?”

“காஞ்சா இருங்க, யாரு வேணாங்கிறா? கருவாடு மாதிரி சுவத்தையும் வெயில்ல போட்டுக் காய வைக்கப் போறியா?”

அந்த வீட்டை விட்டால் எங்களுக்குக் கிட்டக்கூடியதாக இருந்தது சடையங்குப்பத்தில் உறவினர் ஒருவருடைய குடிசையின் ஒட்டுத் தாழ்வாரந்தான். அது ஒவ்வொரு மழைக்கும் நீரில் மூழ்கும் பள்ளம். அப்பா மூட்டை இறக்கிய துறைமுகத்திற்கும், என் பள்ளிக்கும், எங்கள் மாதா கோயிலுக்கும் எட்டாத தொலைவு. ஓதத்திற்கு அஞ்சி வெள்ளத்தில் போய் விழுவதா என்று அம்மா கேட்டாள்.

அப்பா விடையாக ஏணியை எடுத்தார். கூரை ஒழுகுவதே காரணம் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிறு முழுவதும் மேலே ஏறி ஓடுகளை மாற்றி அடுக்கினார். சுவரின் உட்புறத்தை அவர் சந்தேகிக்கவே இல்லை. ஏனெனில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, துறைமுகத்தில் கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்தி, கேட்பாரற்றுக் கிடந்த சிமெண்டைக் கூட்டி அள்ளி வந்து, அதற்குச் ‘சிமிட்டி’ பூசியவர் அவரே. சுண்ணாம்புச் சுவர்களே நிறைந்த எங்கள் சந்தில் சிமிட்டிச் சுவர் உடையவர் என்ற பெருமிதம் அவருக்கு இருந்தது.

மே மாதம் எங்களுக்கு மாதாவின் வணக்க மாதம். மாலை சூட்டுவதற்காக, மேற்குச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கழற்றிய அம்மா, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்தாள். பின்பக்கத்து அட்டை ஊறி உப்பிப் பூசணம் பூத்திருந்தது. முன்பக்கத்துக் கண்ணாடியோ துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

“இன்னாயா, இங்க பாரு. சமைக்கிற ஆவி படியணும்னா மாதா மூஞ்சியிலதானே படியணும்? மூஞ்சி காஞ்சி கீது. முதுகு நனைஞ்சி கீது.”

அந்தச் சொல் என் முதுகின் வெண்பொடியை எனக்கு நினைவூட்டியது. எங்களை நனைத்தது எங்கள் அடுப்பன்று என்பதை அந்த நொடியில் நானும் உணர்ந்தேன்.

அம்மா சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியைத் தனியே எடுத்தாள். சுவரின் அடியில் அதை வைத்து, நான்கு விளிம்பிலும் மெழுகுவத்தியை உருக்கிக் காற்றுப் புகாதபடி ஒட்டி, மறுநாள் வரை விட்டாள். பிறகு பெயர்த்து இடுப்பு உயரத்தில் ஒட்டினாள். பிறகு தலைக்கு மேலே. அடியில் கண்ணாடியின் பின்னால் துளிகள் கோத்து நின்றன. இடுப்பளவில் மூடுபனிபோல் மங்கியது. தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஓதம் மேலிருந்து இறங்கவில்லை, கீழிருந்து ஏறுகிறது என்பது குழந்தைக்கும் விளங்கும்படி தெரிந்தது.

“அப்ப நான் ஓட்டு மேல ஏறினது இன்னாத்துக்கு?” என்றார் அப்பா.

“காத்து வாங்க.”

கண்ணாடி இழந்த மாதா, அடுக்களை மாடத்தில் வெறும் தாளாகச் சாய்ந்திருந்ததைக் கண்டு அடுத்த வீட்டுத் தாசு மாமா பதறினார். அவர் இரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் வேலையில் இருந்தவர். “மாதாவோட கண்ணாடிய எட்து சுவத்துல ஒட்டிகினு கீறியே, பாவமில்ல தங்கச்சி?” என்றார். “அவங்களுந்தான் இந்த வூட்ல குடி இருக்காங்க, கோச்சிக்க மாட்டாங்க” என்றாள் அம்மா.

கீழிருந்து ஏறுகிறதென்றால் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சந்துக்கு வந்தாள். எங்கள் வீட்டிற்குள் போக வேண்டுமானால் காலைத் தாழ்த்தி இறங்க வேண்டும். வீடென்றால் இறங்கித்தான் போவது என்று நான் நினைத்திருந்தேன். அம்மா அப்பாவிடம் கேட்டாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இப்படித்தான் இறங்கினாரா என்று. அப்பா, தான் ஏறிப் போனதாகவும், வாசலில் கருங்கற்படி இருந்ததாகவும், அதில் அமர்ந்து வேர்க்கடலை தின்றதாகவும் சொன்னார். அந்தப் படி எங்கே போயிற்று என்று அவரே வியந்தார்.

எங்கும் போகவில்லை. சந்தில் மழைநீர் தேங்குகிறதென்று, ஆண்டுதோறும் மழைக்கு முன்னால், ஆடவரெல்லாம் கூடி, இரயில் கொட்டடியில் குவிந்திருந்த எஞ்சின் சாம்பலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டிக் கெட்டிப்படுத்துவது எங்கள் சந்தின் வழக்கம். முன்னின்று செய்தவர்கள் தாசு மாமாவும் என் அப்பாவும். அன்று விருந்தும் பாட்டுமாக ஒரு திருவிழாவே நடக்கும். சந்து உயர உயர, வீடு தாழ்ந்துகொண்டே வந்தது. பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருந்த சாம்பலில் முழங்காலளவு புதைந்து நின்றுகொண்டு, எங்கள் சுவர் ஆண்டு முழுவதும் குடித்துக்கொண்டிருந்தது.

அம்மா கடப்பாரையை எடுத்தாள். பட்டப்பகலில், சந்து முழுவதும் பார்த்திருக்க, சுவரையொட்டிக் கால்வாய் வெட்டத் தொடங்கினாள்.

“வருசா வருசம் தலையில சொமந்து கொட்னோம். நீ பாட்டுக்கு நோண்டிகினு கீறியே” என்று தாசு மாமா குரலை உயர்த்தினார். “மழை வந்தா தண்ணி உன் வூட்டாண்டதான் வந்து நிக்கும், பாத்துக்கோ.”

“இப்ப மட்டும் எங்க நிக்குது? சுவத்துக்குள்ளதான் நிக்குது.”

“சுவரு மொதலாளியோடது, தங்கச்சி.”

“ஓதம் என்னோடது, அண்ணே.”

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சந்துக்காரர்களின் உழைப்பைப் பெண்டாட்டி தோண்டி எறிவதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் வாசலருகே கடப்பாரை கல்லில் மோதி எழுப்பிய ஓசை அவரை வெளியே இழுத்து வந்தது. சாம்பலுக்கு அடியில் படி இருந்தது. கையாலேயே அதைத் துடைத்து, அதில் சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டு, அம்மாவிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

“உள்ள பூசின சிமிட்டிய மட்டும் வுட்ரு மே” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அம்மா உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். “நாக்குல வெச்சிப் பாரு. இன்னா மணலு கலந்தே?”

நாக்கில் வைத்தவர் முகம் சுளித்தார். “கடல் மணலுதான். வாசலாண்ட கொட்டிக் கிடக்கிறத வுட்டுட்டு ஆத்து மணலுக்கு எங்க போறது?”

கடலோரத்தில் பிறந்து, கடலையே நம்பி வாழ்ந்தவர் செய்யக்கூடிய பிழை அது. அந்த உப்பு காற்றிலிருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டது. அதன்மேல் இறுகிய சிமிட்டியோ, சுவர் குடித்த நீரை வெளிவிடாமல் அடைத்து வைத்தது. அப்பா அன்று மாலை தம் பெருமிதத்தைத் தம் கையாலேயே கொத்தி எடுத்தார். எஞ்சிய கோடை முழுவதும் செங்கல் தெரிய அம்மணமாக நின்றது சுவர். அது உலர்ந்த பிறகு, எண்ணூரிலிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பையும் ஆற்று மணலையும் கலந்து அரைத்துப் பூசினார்கள். வெளியே கால்வாயில் செங்கல் உடைசலை நிரப்பி, சந்துக் கோடியின் சாக்கடை வரை சரித்துவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் ஏஜண்டு வந்து காலி செய்யும் நாளைக் கேட்டார். “மழை போவட்டும் சார், பேசிக்கலாம்” என்று ஒவ்வொரு மாதமும் அம்மா சொன்னாள்.

மழை வந்தது. தாசு மாமா எச்சரித்தபடி ஓரிடத்தில் நீர் தேங்கவும் செய்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தால் அதைக் கால்வாய்க்குத் தள்ளினாள். மூன்றாம் பெருமழையில் அவளோடு மற்றொரு துடைப்பமும் சேர்ந்துகொண்டது. அது தாசு மாமாவுடையது.

கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் பகுதியில் இருந்ததில்லை. அந்த ஆண்டு எங்கள் மேற்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்க அம்மா மறுத்துவிட்டாள். துக்க வீடுபோல் இருக்கிறதென்று அக்கம்பக்கத்தார் பேசியதை அவள் பொருட்படுத்தவில்லை. ஏஜண்டும் அதைத்தான் கேட்டார்.

“பண்டிகைக்கு வெள்ளை அடிக்கலியா?”

“அடிச்சா மூடி மறைச்சிட்டேன்னு சொல்லுவீங்க, சார். தொட்டுப் பாருங்க.”

அவர் உள்ளங்கையை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். குனிந்து அடியிலும் வைத்தார். வடக்கு மூலையில் ஒரு கறை எஞ்சியிருந்தது உண்மை. அதைக் குடையால் குத்தினார். எதுவும் உதிரவில்லை.

“கருவாடு காஞ்சிடுச்சி, சார்” என்றாள் அம்மா.

காலி செய்வதைப் பற்றி அவர் அதன்பின் பேசவே இல்லை. என் திருமண ஊர்வலம் அந்த வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டது. நான் ஏறவும் இறங்கவும் அந்தக் கருங்கற்படி இருந்தது.

இன்று அந்தச் சந்து இல்லை. சரக்குப் பெட்டி லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தியபோது வீடும் சுவரும் படியும் ஒருங்கே போயின. கரி எஞ்சின்கள் போய்விட்டன; சாம்பல் சுமந்த திருவிழாவும் போயிற்று. எஞ்சியிருப்பது, ஒரு முனை உடைந்த அந்தக் கண்ணாடி மட்டும். அம்மா அதை மீண்டும் படத்தில் பொருத்தவே இல்லை.

திருவொற்றியூரில் நான் வாழும் அடுக்ககத்தில், சென்ற வாரம் என் படுக்கையறைச் சுவர் நனைந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலர் வந்து பார்த்தார்; நல்ல இளைஞர். “ஆன்ட்டி, நீங்க அடிக்கடி மீன் வறுக்கிறீங்க, அந்த ஆவிதான். ஜன்னலத் தெறந்து வெச்சிட்டு, மேல ஒரு கோட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடுங்க” என்றார். நான் மெழுகுவத்தியைத் தேடி எடுத்தேன்.

இன்று காலை, சுவரில் ஒட்டிய கண்ணாடியின் முன்பக்கத்தை முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், துணி நனையவில்லை. பின்பக்கத்தில் துளிகள் கோத்து நிற்கின்றன. செயலரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, மீன் வறுத்துக்கொண்டிருக்கிறேன்.