மறுபடி ஓட்டு

எங்கள் மேலதிகாரி அம்மாவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். மென்பொருள் கம்பெனிகளில் சோதனை வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று தணிக்கை செய்வது எங்கள் தொழில். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பவர் அவர். "அந்தப் பூட்டுக்கே உன்னைக் கண்டா பயம்," என்பார் அவர் கணவர். இப்படிப்பட்டவருக்கு வேறென்ன வேலை பொருந்தும், சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. ஒரே படுக்கையை இரண்டு நோயாளிகளுக்கு ஒதுக்கிவிட்டது அவர்கள் மென்பொருள். ஒரு பெரியவர் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்திருக்கிறார். நாங்கள் சரி என்று கையெழுத்துப் போடாமல் இனி எந்தப் புதுப் பதிப்பையும் வாங்குவதில்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது.

மேனேஜர் எங்களை வாசலிலேயே மடக்கினார். "சோதனைக் குழு தூங்கியிருக்குங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, கூண்டோட வீட்டுக்கு அனுப்பிடறேன்."

குழுவின் தலைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூதக்கண்ணாடி ஒரு நாற்காலி மட்டும் கேட்டார். அதைத் தலைவியின் மேஜையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கிட்டு வேலையப் பாரும்மா."

தானியங்கிச் சோதனைகள் ஓடின. திரையில் தேறியதற்கெல்லாம் வரிசையாகப் பச்சை விழுந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் தவறியதற்குச் சிவப்பு. தலைவி அனிச்சையாக 'மறுபடி ஓட்டு' பொத்தானை அமுக்கினாள். பச்சை.

"இப்ப என்னம்மா பண்ணே?"

"அது அப்படித்தான் மேடம். சும்மா சும்மா செவப்பு காட்டும், திரும்ப ஓட்டுனா சரியாயிடும். ஆராய்ஞ்சுட்டு உக்காந்தா லேட் ஆகும், பச்சை வர்ற வரைக்கும் ஓட்டுங்கன்னு சார் சொல்லியிருக்காரு."

"எதைப் பாக்குற சோதனை அது?"

தலைவி திரையைப் படித்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு நர்ஸ் ஒரே நேரத்துல ஒரே படுக்கையக் கேட்டா என்னாகும்னு பாக்குறது."

இருவர் கேட்பதும் கணநேரம் முன்பின் ஆனால் பச்சை. ஒன்றாக விழுந்தால் படுக்கை இருவருக்கும் போய்விடும், சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

மேனேஜர் அறையில் பூதக்கண்ணாடி சுற்றி வளைக்கவில்லை. "இவங்க எழுதின சோதனை சரியாத்தான் கத்தியிருக்கு. அது வாயப் பொத்தச் சொன்னது நீங்க. அந்தப் பொத்தான எடுத்துடுங்க. செவப்பு வந்தா காரணம் தெரியணும். அதுவரைக்கும் வெளியீடு கிடையாது. அனுப்பலாமா வேணாமான்னு சொல்ல வேண்டியது சோதனைத் தலைவி."

"அப்புறம் எல்லாமே நின்னுபோயிடுமே?"

"நிக்கட்டும்."

படுக்கைப் பிழையைச் சரிசெய்தார்கள். வெளியீட்டு நாளன்று போனோம். வேறோர் இடத்தில் சிவப்பு விழுந்தது. மேனேஜர் பூதக்கண்ணாடியைப் பார்த்துக் குழைந்தார். "சின்ன விஷயந்தான். அனுப்பிடலாங்களா?"

"என்னைக் கேக்காதீங்க," என்று அவர் தலைவியைக் காட்டினார்.

தலைவி திரையில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். "இன்னைக்குப் போகாது சார்."

மேனேஜர் தன் அறைக்குள் போய் உட்கார்ந்து, வெளியீடு தள்ளிப்போகிறது என்று சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்த தலைவி, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"என் பேச்சைக் கேட்டுட்டாரு மேடம்."