நவம்பர்ச் சீட்டில் அண்ணன்

நவம்பர் வந்தால் லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் நிச்சயம். அது இறந்தவர்களுக்கான மாதம்; தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் அவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதற்கு முன்பே சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அப்பா, பெரியப்பா, மன்னாரில் பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மாமியார்கூட வந்துவிடுவார். அண்ணன் மட்டும் வரமாட்டார்.

"அண்ணை?" என்பேன்.

"அவன் எப்ப செத்தவன்?" என்பார் அம்மா.

செத்தான் என்று கையெழுத்து வைத்தவரே அவர்தான். யுத்த காலத்தில், இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது, இயக்கத்துக்காரர் வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இரண்டாவதையும் கேட்டார்கள். முதல் பிள்ளை இறந்த வீட்டுக்கு மட்டும் விலக்குக் கடிதம் உண்டு. அண்ணன் போய் எட்டு மாதமாகச் செய்தி இல்லை, உடலும் வரவில்லை. காணாமல் போனவனின் வீட்டுக்குக் கடிதம் கிடையாது. எனக்குப் பதினேழு வயது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் பங்கர்க் குழிக்குள் பதுங்கிக் கிடந்தேன். அம்மா போய், மகன் இறந்துவிட்டதாகக் கையெழுத்து வைத்துக் கடிதத்தோடு வந்தார். வந்ததும் எனக்குப் புட்டு அவித்தார்.

அந்தக் கடிதத்தால்தான் இன்று லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். அண்ணன் வந்து கதவைத் தட்டினால் நான் கள்ளன். வராவிட்டால் அவருடைய சாவில் வாழ்கிறவன். வீடு மாறலாம் என்றால், அவன் தேடி வந்தால் என்ன செய்வான் என்பார் அம்மா. போன் நம்பரைக்கூட மாற்ற விடமாட்டார். இத்தனை வருடமாக இப்படி மாட்டுப்பட்டுக் கிடந்து எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வருடம் சீட்டின் அடியில் அண்ணனின் பெயரை நானாகவே எழுதிப் போட்டேன். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது என்ற துணிவு. காது நன்றாகக் கேட்கும் என்பதை எப்படி மறந்தேனோ! சுவாமியார் வாசித்தார். அம்மா நற்கருணை வாங்க எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"ஆரைக் கேட்டு எழுதினனீ?"

"இனி எனக்கு ஏலாதம்மா. எனக்காகத்தான் எழுதினனான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"ஓம்," என்றார். "ரெண்டு தரமும் உனக்காகத்தான் அவனைச் சாகடிச்சனாங்கள்."