அம்மாவின் தலைக்கு மேலே

அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று எறையூரிலிருந்து தாய்மாமன் போன் செய்தபோது காலை ஏழு மணி. சென்னையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரையைக்கூடத் துப்பாமல் போனில் தேடினேன். சென்னை விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். பஸ் என்றால் ஐந்து மணி நேரம். முடிவெடுப்பதில் நான் புலி.

தாம்பரத்திலிருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"நீ பஸ்ஸப் புடிச்சு வா. நான் பறந்து போயி உனக்கு டீ போட்டு வைக்கிறேன்."

"இப்பவும் வெளாட்டாண்ணே? எங்கூடவே பஸ்ல வந்துடேன்" என்று அழுதாள்.

பதறினால் எனக்கு வாய் நீளும். பிறவிக் கோளாறு.

எங்கள் பக்கம், உயிர் பிரியுமுன் போகிறவர் வாயில் பிள்ளைகள் பால் ஊற்ற வேண்டும். மூத்தவன் நான். அந்த ஒரு மிடறுக்குத்தான் அத்தனை ஓட்டமும்.

பதினொன்றரை மணி விமானம் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பியது. அதுவரை நாற்காலியில் குந்தியிருக்க வேண்டிய நேரத்தைப் பற்றிப் போன் மூச்சுவிடவில்லை. சோதனையில் கழற்றிய பெல்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போனதும் பணிப்பெண்ணிடம், "மேடம், பெரம்பலூர் வந்தா சொல்லுங்க" என்றேன். கண்டக்டரிடம் சொல்லிப் பழகிய வாய். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் உறைத்தது. சென்னையிலிருந்து போனால் திருச்சிக்கு முன்னால் பெரம்பலூர், அதற்கும் முன்னாலேயே எறையூர் வந்துவிடும். அம்மாவின் தலைக்கு மேலேயே அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

திருச்சியில் இறங்கிப் போனைப் போட்டதும் தங்கை.

"நான் வந்துட்டேண்ணே. அம்மா கண்ணத் தொறந்து, பெரியவன் எங்கடின்னுச்சு. எங்க இருக்க?"

"திருச்சி."

"இன்னும் திருச்சியிலயா!"

காரில் ஏறி, காலையில் கிளம்பிய சென்னையைப் பார்த்தே திரும்பி வந்தேன். கரும்பு அரவைக் காலம். சர்க்கரை ஆலைச் சாலை நெடுகக் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன.

"ஹாரன அடிங்கண்ணே!"

"அடிச்சா கரும்பு எறங்கி ஓடுமா சார்?" என்றார் டிரைவர். மற்ற நாளென்றால் அந்தப் பதிலை நான் சொல்லியிருப்பேன்.

வாசல் நிறைய செருப்புகள். அம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்றாம். தங்கை ஒரு டம்ளரை நீட்டினாள். பாதி பால், மேலே ஆடை.

"உன் பங்குண்ணே. எடுத்து வெச்சிருந்தேன்."

"என்ன மாப்ள, பிளேன்ல ஒரு மணி நேரந்தானாமே?" என்றார் மாமா.

தங்கைக்குச் சொன்ன டீயையாவது போடலாம் என்று அந்தப் பாலோடு அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியைத் தேடினேன். மாமா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார்.

"தூக்குற வரைக்கும் இந்த வூட்டுல அடுப்புப் பத்தவெக்கக் கூடாது மாப்ள. அதுகூடவா மறந்துட்ட?"