பாதிக் கதையில் நின்ற படகோட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே மனத்துக்குள் போராட்டம். பேனாவை எடுப்பேன், சாமி மேடைப் பக்கம் ஒரு தடவை பார்ப்பேன், பிறகு வைத்துவிடுவேன். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் அந்த ஆளின் பேரை மட்டும் எழுதப் போவதில்லை. எழுதினால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

நாங்கள் இருப்பது கிள்ளானில். இது நடந்த வருடம் தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுங்கை வேயில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த என் வீட்டுக்காரர், மழையில் சறுக்கி விழுந்துவிட்டார். தலையில் அடி. மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். கண் திறப்பாரா மாட்டாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பார்க்க விடும் நேரத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் வேண்டி முடித்தாயிற்று. அதற்குமேல் வேண்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மகளின் சிநேகிதர்கள் இரண்டு பேர் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். ஒன்று தமிழ்ப் பெண், இன்னொன்று சீனப் பையன். பையனும் தமிழ் பேசுவான். இவர்கள் மூவரும் சேர்ந்தால் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு வேஷத்தை மனத்தில் எடுத்துக்கொண்டு, அரக்கன், மந்திரவாதி என்று கதை பேசிக்கொண்டே போவார்கள். இடையிடையே பல முகம் உள்ள தாயக்கட்டையை உருட்டுவார்கள். கதையை நடத்துவது என் மகள்.

"ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் நேரம் இருக்கும்மா. செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. வந்து உக்காருங்க லா" என்றாள் மகள், இந்த ஊர்ப் பேச்சு வழக்கில்.

"எனக்கென்னடி தெரியும் இதெல்லாம்?"

"ஆன்டி, ஈசிதான். வாள் வேணுமா, மந்திரம் வேணுமா?" என்று பையன் கட்டையை என் கையில் வைத்தான்.

"வாளெல்லாம் அப்புறம்டா" என்று மகள் அவனை அடக்கினாள். "அம்மா, மொதல்ல ஒரு ஆளை நினைச்சுக்குங்க. அவருக்கு ஒரு பழைய கதை வேணும். என்ன ஆசை, எதுக்குப் பயம், அதையெல்லாம் சொல்லுங்க. முக்கியமா, பாதியில நிக்கிற காரியம் ஒண்ணு இருக்கணும். அப்பத்தான் அந்த ஆளு எழுந்து நடப்பாரு."

எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் ஒரு படகோட்டி. பெண்டாட்டி கண் திறக்காமல் படுத்திருக்கிறாள். அவள் கண் திறந்தால் தலைமுடி பூராவும் அம்மனுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, கத்தரிக்கோல் படாமல் இடுப்பு வரை முடி வளர்த்திருக்கிறார். பேர் கேட்டார்கள், ஒரு பேர் சொன்னேன். சொல்லச் சொல்ல, எங்கோ பார்த்த ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரியே இருந்தது. இரண்டு பிள்ளைகளும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கதையில் அந்தப் படகோட்டியை என் மகள் ஆற்றங்கரைக் கோயில் ஒன்றுக்குக் கொண்டுபோனாள். "கேளுங்கம்மா, அம்மன்கிட்ட கேளுங்க" என்றாள். நான் அவர் குரலாக, "என் பெண்டாட்டி கண்ணைத் திறக்கணும் தாயே. தலைமுடியைத் தரேன்" என்று வாய்விட்டுக் கேட்டுக் கட்டையை உருட்டினேன். இருப்பதிலேயே பெரிய எண் விழுந்தது. "ஆன்டி! செம லா!" என்று பையன் மேசையைத் தட்டினான். "அந்தம்மா கண்ணைத் திறந்துட்டாங்க" என்றாள் என் மகள். அவள் கண்ணில் தண்ணீர்.

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதால் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். படகோட்டி வேண்டுதலைச் செலுத்தவில்லை. அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அந்த வாரமே வீட்டுக்காரர் கண் திறந்தார். நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பேச்சு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யாரு பிள்ள அது, கால்மாட்டுல உக்காந்திருக்கறது?"

அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

"இடுப்பு வரைக்கும் முடி. ஈரம் சொட்டுது. ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு. வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு. உங்க பொறந்த வீட்டு ஆளா?"

விளையாடியதைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை. மகளும் தான் சொல்லவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தாள். டாக்டரிடம் சொன்னேன். தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு, மருந்து குறையக் குறையச் சரியாகிவிடும் என்றார். படித்தவர் சொல்கிறார், இருக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகவில்லை. பொழுது சாய்ந்து, நான் விளக்கேற்றப் போகும் நேரம் பார்த்து அவர் முகம் மாறும். ஹாலில் உள்ள பிரம்பு நாற்காலியைப் பார்த்து, "வந்துட்டாரு" என்பார். பயப்பட மாட்டார். "பாவமா இருக்கு பிள்ள. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காரு. ஒரு வாய் காப்பி குடு" என்பார். நானும் வைப்பேன். காப்பி அப்படியே ஆறிப்போகும். ராத்திரிச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் அவர் மெலிந்துகொண்டே வந்தார். பிழைத்து வந்த மனிதரை மறுபடி இழந்துவிடுவேனோ என்று தினமும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தக் காப்பித் தம்ளரைக் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நாமதான் அவரைப் பாதியில விட்டுட்டோம்" என்றாள், மிக மெதுவாக. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டுதல் சொன்னது அவர், பலித்தது எனக்கு. கொடுக்க அவருக்கென்று ஒரு தலை ஏது? கோயிலுக்கு நடந்து போகக் கால் ஏது? சொன்ன வாய் என்னுடையதுதானே.

மறுநாள் காலையில் அம்மன் கோயிலுக்குப் போனேன். முடி எடுக்கும் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னக்கா இது, புருஷன் நல்லா இருக்கையில மொட்டையா? பூமுடி குடுத்தா போதுமே, நுனியில கொஞ்சம்."

"பூராவும்னு சொல்லியாச்சு அண்ணே."

"யாரு சொன்னது?"

தலையைக் குனிந்து கொடுத்தேன். முடி மடியில் விழ விழ, அந்தப் பேரை மனத்துக்குள் சொல்லி, "இது அவர் கொடுத்தது தாயே, என் கணக்கில் வைக்காதே" என்று வேண்டிக்கொண்டேன். அர்ச்சனைக்கும் அந்தப் பேரையே கொடுத்தேன். நட்சத்திரம் தெரியாது என்றேன். குருக்கள் அம்மன் பேரைச் சேர்த்து அர்ச்சனை செய்தார்.

முக்காட்டோடு வீட்டுக்குள் நுழைந்தேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் போட்டுக் கொடுத்ததாம், இரண்டாவது தடவையாம். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஆளு போயிட்டாரு பிள்ள. இப்பத்தான், பட்டப்பகல்ல. சிரிச்சுக்கிட்டே எழுந்து போனாரு. தலையைத் தடவிக்கிட்டே போனாரு. ஒரு முடி இல்ல தலையில."

அதன்பின் அவர் வரவில்லை. டாக்டர் சொன்னது உண்மையா, நான் நினைப்பது உண்மையா, எனக்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். என் மகள் இன்னும் விளையாடுகிறாள், நான் தடுக்கவில்லை. ஆனால் கதையில் வருகிற ஆளின் காரியத்தை முடித்து அனுப்பாமல் மேசையை விட்டு அவள் எழுந்திருப்பதில்லை. ஒருவருக்குக் குறை ஒன்றைக் கொடுத்து உண்டாக்கினோம் என்றால், அது கதையாகவே இருந்தாலும், அவருக்கு நாம் பொறுப்பு என்று நான் நம்புகிறேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ருசிக்காகக் கூட ஒரு ஆளைப் புதிதாகச் சேர்த்துவிடாதீர்கள். அவருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கும், அது தீரும்வரை அவர் யார் வீட்டு நாற்காலியில் வந்து உட்காருவார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.