வலப்பக்கம் என்றால் நான்

1. எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது

கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் டிரெயினிங்குக்கு இறங்கிய முதல் நாள், பத்து நிமிடத்துக்குள் மொத்த டீமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பின்னாலிருந்து ஒருவன் "கானான்!" என்றான். ஓடினேன். பந்து வரவில்லை. அந்தப் பக்கம் இன்னொருவன் "கானான், கானான்!" என்றான். அங்கேயும் ஓடினேன். நான் வியாசர்பாடிக் கண்ணன். மிட்ஃபீல்டர். கோவா, கொல்கத்தா, மாலத்தீவு, டாக்கா என்று கிளப் கிளப்பாகச் சுற்றியவன். எந்த ஊரிலும் முதல் நாள் எனக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. என் வீடியோவையெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் போல என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. கோச் ஜமால் விசில் ஊதி நிறுத்தி, இந்த ஆள் ஏன் எல்லோரிடமும் ஓடுகிறான் என்று மலாயில் கேட்டார். விஷயம் புரிந்த ஒரே ஆள் கேப்டன் குமரேசன். சென்டர் பேக், கிள்ளானிலேயே பிறந்த தமிழர். புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சா, மலாய்ல கானான்னா வலது பக்கம் லா. யாரும் உன்ன கூப்பிடல."

அந்த 'லா' அங்கே எல்லோர் பேச்சிலும் சும்மா ஒட்டிக்கொண்டு வரும். அப்படியானால் இடது பக்கத்துக்கு என்ன என்று கேட்டேன். கீரி என்றார். ஆக, வலப்பக்கம் நான், இடப்பக்கம் கீரி. என் பெயரில் உள்ள 'ண்ண' அங்கே பாதிப் பேர் வாயில் வராது. என்னைக் கூப்பிட்டாலும் கானான்தான், திசையைச் சொன்னாலும் கானான்தான்.

2. சிரிப்பு நின்றது

அர்த்தம் தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பெயர் காதில் விழுந்தால் தலை திரும்புவது முப்பத்தொரு வருடப் பழக்கம்.

மூன்றாவது மேட்சில் எங்கள் கோல்கீப்பர் "கானான்!" என்று கத்தினார். யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில், நான் கூடவே நின்று மார்க் பண்ண வேண்டிய ஆள் என் வலது பக்கமாகப் புகுந்து போய் கோல் அடித்துவிட்டான். அந்த கோலில்தான் தோற்றோம்.

மறுநாள் கோச் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார். கிளப்புகள் ஆள் மாற்றிக்கொள்கிற டிரான்ஸ்பர் விண்டோ திறந்திருந்தது. வேறு நாட்டு மிட்ஃபீல்டர் ஒருவனோடு பேசிக்கொண்டிருப்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு மேட்ச் தருகிறேன், அதைப் பார்த்துத்தான் முடிவு என்றார். பாதி சீசனில் திருப்பி அனுப்பப்பட்ட முப்பத்தொரு வயது ஆளை எந்த கிளப்பும் கூப்பிடாது. ஊருக்குப் போனால் என் ஆட்டம் அதோடு முடிந்தது. பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். ஒரு தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்தேன், அது கோச்சின் கால் பக்கத்தில் போய் விழுந்தது.

டீமில் ஒரு யோசனை சொன்னார்கள்: கிரவுண்டில் மட்டும் என்னைச் சென்னை என்று கூப்பிடுவது. என் அப்பா வைத்த பெயரை நீ யார் மாற்ற என்று முதலில் எகிறினேன், பிறகு வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன். நான்கு நாள் "சென்னை, சென்னை" என்று கத்தினார்கள். நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

3. குமரேசனின் கை

வெள்ளிக்கிழமை மதியம் குமரேசன் என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸுக்குக் காரில் கூட்டிப்போனார். பாதித் தெரு ஒருவழி என்பதால் போனில் மேப் போட்டிருந்தார். அதில் ஒரு பெண் குரல் மலாயில் வழி சொல்லிக்கொண்டு வந்தது. அவள் "கானான்" என்றாள். நான் சட்டென்று போனைப் பார்த்தேன். குமரேசன் சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார்.

நான் அவர் கையையே பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை, சொல் விழுந்ததும் கை தானாகத் திரும்பியது. எனக்குத் தலை திரும்புகிற மாதிரி அவருக்குக் கை. அப்படியென்றால் நாளைக்கு எங்களோடு மோதப்போகிற பதினோரு பேருக்கும் கால் அப்படித்தானே திரும்பும்?

"அண்ணே, நாளைக்கு பந்த வச்சுக்கிட்டு என் பேரச் சொல்லிக் கத்துங்க. நான் இடது பக்கம் நிக்கிறேன்" என்றேன்.

சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் குமரேசன் வண்டியை எடுத்தார்.

"கோச்சுகிட்ட மூச்சு விடாத லா. ஆடிக் காட்டுவோம்."

4. சனிக்கிழமை

எதிர் டீம் கோலாலம்பூரின் பெரிய கிளப். பட்டியலில் எங்களைவிட ஏழு இடம் மேலே. பாதி ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கியிருந்தோம்.

இடைவேளை முடிந்து வந்ததும் குமரேசன் பந்தோடு நடுக்கோடு வரை வந்தார், தொண்டை கிழிய "கானான்!" என்றார். என்னை மார்க் பண்ணினவன், பந்து எங்கள் வலது பக்கம் போகிறது என்று அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். அவனுக்குப் பின்னால் இருந்த இருவரும் நகர்ந்தார்கள். எங்கள் ரைட் பேக் ஹாஃபிஸுக்கும் விஷயம் தெரியாது, பந்து தனக்குத்தான் என்று வலது ஓரத்தில் உயிரைக் கொடுத்து ஓடினான். அதைப் பார்த்து இன்னொருவனும் அங்கே போனான். பந்து இடது பக்கம் என் காலுக்கு வந்தபோது என்னைச் சுற்றி ஆளே இல்லை. நிமிர்ந்து பார்த்து ஸ்டிரைக்கருக்கு விட்டேன். ஒன்றுக்கு ஒன்று.

அதையே இன்னும் இரண்டு முறை செய்தோம். இரண்டிலும் பந்து கம்பத்தில் பட்டது. அதற்குள் அவர்கள் கேப்டனுக்குப் பிடிபட்டுவிட்டது. அது அவன் பெயர், அது அவன் பெயர் என்று கை நீட்டி என்னைக் காட்டிக் கத்தினார். அதன்பின் "கானான்" என்றாலே மூன்று பேர் என்மேல் பாய்ந்தார்கள்.

நான் குமரேசனைப் பார்த்தேன். அவர் கண்ணடித்தார். கடைசி ஐந்து நிமிடம். "கானான்!" என்றார். மூவரும் என்னிடம் ஓடி வந்தார்கள். இந்த முறை அவர் நிஜமாகவே வலது பக்கம் விட்டார். அங்கே தன்னந்தனியாக ஹாஃபிஸ். அவன் வாழ்க்கையில் முதல் கோல். அவன் ஓடி வந்து என்மேல் ஏறிய வேகத்தில் இருவரும் கீழே விழுந்தோம்.

5. திங்கட்கிழமை

வெளிநாடு போய் ஆடப்போகிற தம்பிகளே, இறங்கிய அன்றே அந்த ஊர்ப் பாஷையில் இடது, வலதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குறை எதுவென்று தெரிந்தால் அதை மறைத்து ஆடாதீர்கள், எதிரில் நிற்பவனுக்கும் அதே குறை இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இது புரிய ஒரு கோலும் ஒரு வார பெஞ்சும் ஆனது.

திங்கட்கிழமை கோச் ஆபீசுக்குக் கூப்பிட்டார். துணைக்குக் குமரேசனும் வந்தார். கோச் என் முகத்தைப் பார்க்கவில்லை, சனிக்கிழமை பற்றிப் பேசவும் இல்லை. பேனாவை எடுத்து மலாயில் ஏதோ கேட்டார். ஊருக்கு அனுப்பப் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"புது ஜெர்சி அடிக்கக் குடுக்கணுமாம் மச்சா" என்றார் குமரேசன். "உன் பேருக்கு நடுவுல இங்கிலீஷ்ல ஒரு 'என்'னா, ரெண்டு 'என்'னான்னு கேக்குறாரு."

 இரண்டு விரலைக் காட்டினேன்.