டம்ளர் நிக்குதா?

எங்கள் ஆபீசுக்கு மனு கொண்டு வந்தவர்கள் வாசலில் முதலில் கேட்டது ஐயா இருக்கிறாரா என்று அல்ல. "டம்ளர் நிக்குதா, கவுந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் குந்தியிருந்த விவசாயிக்குக்கூட அந்த விவரம் தெரியும். டம்ளர் நின்றால் அன்றைக்கே கையெழுத்து கிடைக்கும். கவிழ்ந்துவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

அது ஹெட் கிளார்க்கின் டம்ளர். எழுபதுகளின் நடுவில் நான் திருவண்ணாமலையில் அரசாங்க வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஆபீசை ஆண்டுகொண்டிருந்தது அவருடைய நாக்கு. பதினொரு மணிக்கு முதல் காபி அவருக்குத்தான் வரும்; எங்கள் ஆறு பேருக்கும் அதற்கப்புறம்தான். ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிடித்தால் முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரை டபராவில் நிமிர்த்தி வைப்பார். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். மிச்சக் காபியோடு டம்ளரை டபராவுக்குள் கவிழ்த்துவிடுவார். அதைத் தூக்கினால் காபி டபரா முழுக்கப் பரவி மேசையிலும் வழியும். துடைக்க வேண்டியது காபி போட்டவர்.

வேலை பார்க்கிற இடத்தில் நல்ல காபி கிடைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எனக்கா சொல்கிறீர்கள்? சுற்று வட்டாரத்து மனுக்கள் எல்லாம் அந்த ஒரு டம்ளரை நம்பித்தான் கிடந்தன.

பதினொரு வருஷம் அந்த டம்ளரை நிற்க வைத்தவர் எங்கள் பியூன். நான் சேர்ந்த கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனார். அவர் வேலையை அவர் மனைவிக்குத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, இந்த அம்மாளின் வேலை திருப்தி என்று ஹெட் கிளார்க் எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளையும் முனிசிபல் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கக் கூலிக்கு அனுப்ப வேண்டும். இது அவளே எங்களிடம் சொன்னது. அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அவள் காபி குடித்ததே இல்லை. வீட்டில் கூழும் நீராகாரமும்தான். காபி என்றால் அவளுக்குப் புருஷன் சட்டையில் வருகிற வாசனை, அவ்வளவுதான். ஆபீசிலும் ருசி பார்க்க முடியாது. பார்த்தால் எச்சில் என்று ஹெட் கிளார்க் முதல் நாளே சொல்லிவிட்டார். பாலும் ஏழு பேருக்கு அளந்த பால். ஆக, வாழ்நாளில் குடித்தே பார்க்காத ஒன்றை, நாக்கில் ஒரு சொட்டுகூட விடாமல், ஊரிலேயே நாக்கு நீளமான மனிதருக்கு அவள் போட்டுத் தர வேண்டும்.

டம்ளர் தினமும் கவிழ்ந்தது. சிக்கரி தூக்கலாக இருக்கும், இல்லை பால் பொங்கி அடிப்பிடித்திருக்கும், இல்லை டிகாக்ஷன் இறங்குவதற்குள் எடுத்திருப்பாள். அவர் கவிழ்த்ததும் நாங்கள் ஆறு பேரும் சிரிப்போம். அவள் துணியோடு வந்து, ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைப்பாள். ஒரு நாள் கவிழாவிட்டால் எங்களுக்குப் பொழுது போகாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பதினொரு மணி ஆனால் "கழனித்தண்ணி வருது" என்று முதலில் சொன்னவன் நான்தான். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு காபியைச் சொல்வதை விட்டு அவளையே அப்படிச் சொன்னோம்.

வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பின்கட்டில் ஸ்டவ் பக்கத்தில் நின்று என்னிடம் கேட்டாள்.

"சார், நீங்க படிச்சவரு. நல்ல காபின்னா எப்படி இருக்கும்னு சொல்லுங்க சார். இன்னா போட்டா அது வரும்?"

தேரடித் தெருவில் நான் தினமும் காபி குடிக்கிற ஓட்டல் கூப்பிடு தூரம். கூட்டிக்கொண்டு போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆனால் உள்ளே ஐந்து பேர் காத்திருந்தார்கள், நான் போய் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்.

"ஒரு சிட்டிகை உப்பு போடும்மா. அதான் ரகசியம். யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கூழுக்கும் மோருக்கும் நீராகாரத்துக்கும் உப்புதானே உயிர். அது இல்லாமல் எது ருசிக்கும்? இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

அன்று ஹெட் கிளார்க் ஒரு வாய் வைத்தார். எழுந்து ஜன்னலுக்கு வெளியே துப்பினார். டம்ளர் கவிழ்ந்த வேகத்தில் காபி அவள் புடவை வரைக்கும் தெறித்தது.

"யாரும்மா உப்பு போடச் சொன்னது?"

நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். என் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கும் அவர்தான் எழுத வேண்டும்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் போட்டேன்."

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். நாளைக்கும் கவுந்துதுன்னா எழுதி அனுப்பிட்டு வேற ஆள் பாத்துக்குவேன்."

சாயங்காலம் நான் சைக்கிளை எடுக்கும்போது அவள் பக்கத்தில் வந்தாள். "நீங்க சொன்ன அளவுக்கு மேல ஜாஸ்தியா போட்டுட்டேன் போல சார். உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடப் போவுதுன்னுதான் சொல்லல" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரி, நாளைக்குப் போடாத" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"நேத்து வூட்டுக்குப் போற வழியில தேரடி ஓட்டல்ல ஒரு காபி வாங்கிக் குடிச்சேன் சார்."

நான் பானையில் தண்ணீர் மொண்டேன்.

"அதுல உப்பு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். பாலை இறக்கி, எட்டத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தாள். இவள் இங்கே இருக்கிற வரைக்கும் அந்த உப்பும் இருக்கும். ஹெட் கிளார்க் நல்ல மனநிலையில் இருக்கிற ஏதாவது ஒரு நாளில் இவள் சொல்லிவிடுவாள். நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

பதினொரு மணிக்குக் காபி வந்தது. ஹெட் கிளார்க் டம்ளரைக் கையால்கூடத் தொடவில்லை.

"நேத்து உப்பு இன்னும் நாக்க வுட்டுப் போவல. யோவ், நீ குடிச்சிச் சொல்லுய்யா" என்று டபராவோடு என் மேசைக்குத் தள்ளினார். நான் எதிர் மேசைக்காரன்.

ஐந்து பேரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் துடைக்கிற துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

ஒரு வாய் குடித்தேன். அவள் புருஷன் கையில்கூட அப்படி ஒரு காபி அமைந்ததில்லை. கசப்பு முதலில் வந்து, பால் பின்னால் வந்து, சர்க்கரை இருக்கிற இடமே தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். நிறுத்த முடியவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

பிறகு டம்ளரைக் கவிழ்த்தேன்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். அவர் எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு மூன்றாவது மாதம் வேலை நிரந்தரமானது. அந்த நாற்காலியிலேயே பதவி உயர்வும் வந்து, எண்பதுகளில் என் டம்ளர் நிக்குதா என்றுதான் வாசலில் மனுக்காரர்கள் கேட்டார்கள். நான் ஒரு நாளும் கவிழ்க்கவில்லை. அதனால் நல்லவன் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். கவிழ்ந்த டம்ளரை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அன்று அவள் வழக்கம்போல் துணியோடு என் மேசைக்கு வந்தாள். ஃபைலை ஒரு கையால் நகர்த்தி, வழியப்போகிற காபிக்குத் துணியை அணை கட்டிவிட்டு, டம்ளரை மெதுவாகத் தூக்கினாள். டபரா காய்ந்து கிடந்தது. துடைக்க ஒன்றும் இல்லை. டபராவின் அடியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"முழுசா குடிச்சிட்டுத்தான் கவுத்திருக்கீங்க, சார்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, டபராவைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.